கரண்ட் திரும்பி வரும்போது: மூன்று சின்னக் கணினிகளில் ஒரு கிளஸ்டர்

கொழும்பில் சேர்வர் பார்த்துக்கொள்பவர்களுக்கு மின்வெட்டைவிட அதிகம் பயம் தருவது, மின்சாரம் திரும்பி வரும் அந்த நிமிடம். போகும்போது எல்லாம் ஒன்றாகப் போய்விடும். வரும்போது ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு வரும். ரவுட்டர் ஒரு நேரம், சுவிட்ச் ஒரு நேரம், சேர்வர் இன்னொரு நேரம். சில வராமலே இருந்துவிடும்.

2025 பெப்ரவரி 9, ஞாயிறு காலை, பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு போய், நாடு முழுக்க மின்சாரம் போன கதை எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு என்பதால் பல அலுவலகங்கள் தப்பின. திங்கட்கிழமை காலை, நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பம்பலப்பிட்டிக் கணக்காய்வு அலுவலகத்தின் படியேறும்போதே காசாளர் அம்மா கேட்டார்: "தம்பி, கரண்ட் நேற்றே வந்திட்டுது. எங்கட சிஸ்டம் ஏன் இன்னும் வரேல்லை?"

நல்ல கேள்வி. அங்கே ஏற்கனவே மூன்று கணினிகளை இணைத்து ஒரு கிளஸ்டர் போட்டிருந்தேன். ஒன்று விழுந்தாலும் மற்ற இரண்டும் தாங்கும் என்று முதலாளியிடம் சொல்லித்தான் காசு வாங்கியிருந்தேன். அப்புறம் ஏன் வரவில்லை? அதற்குப் பதில் சொல்ல, பல கணினிகள் சேர்ந்து ஒன்றுபோல வேலை செய்யும் இந்தக் கிளஸ்டருக்குள் என்ன ஓடுகிறது என்று முதலில் சொல்ல வேண்டும்.

ஒரு கணினிக்குள் பல கணினிகள் இருப்பதுபோலக் காட்டும் வித்தை புதிதல்ல. ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே தன் பெரிய இயந்திரங்களில் இதைச் செய்தது. நாம் மேசையில் வைக்கும் சாதாரணக் கணினிக்கு அது ஒழுங்காக வந்தது, இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் இதற்கென்றே சிப்புக்குள் வசதி வைத்த பிறகுதான். 2007 பெப்ரவரியில் வெளிவந்த லினக்ஸ் இயங்குதளத்தின் 2.6.20 பதிப்பில், அந்த வசதியைப் பாவிக்கும் கேவிஎம் என்ற பகுதி சேர்ந்தது. அதற்குப் பிறகு, அப்படிப்பட்ட சிப்போடு லினக்ஸ் ஓடும் எந்தக் கணினியும் மெய்நிகர் கணினிகளுக்கு (சுருக்கமாக வீஎம்) வீடு ஆகலாம் என்றாயிற்று. கேவிஎம்மை வைத்துக்கொண்டு, பிரவுசரில் திறந்து பார்க்கக்கூடிய ஒரு முகத்தைக் கொடுத்தது ப்ரொக்ஸ்மொக்ஸ். வியன்னாவில் இருக்கும் ஒரு சிறு நிறுவனம், 2008இல் முதல் பதிப்பை விட்டார்கள். அடித்தளம் டெபியன் லினக்ஸ். மூலநிரல் திறந்தது. காசு கட்டாமலே முழுவதும் பாவிக்கலாம்.

பல வருடமாக இது வீட்டில் விளையாடுபவர்களின் சாமான் என்றே கருதப்பட்டது. அலுவலகம் என்றால், இதே வேலையைக் காசுக்குச் செய்யும் விஎம்வேர்தான். 2023 நவம்பரில் பிரோட்கொம் நிறுவனம் விஎம்வேரை வாங்கி முடித்தது. டிசெம்பரில், ஒருமுறை வாங்கினால் என்றைக்கும் உன்னுடையது என்ற உரிமத்தை நிறுத்தி, எல்லாவற்றையும் சந்தா ஆக்கியது. அடுத்த பெப்ரவரியில் இலவசப் பதிப்பும் போனது. (2025 ஏப்ரலில் அதைத் திரும்பக் கொடுத்தார்கள். ஆனால் போனவர்கள் போனதுதான்.) டொலரில் சந்தா கட்டுவது என்பது இங்கே வெறும் விலைப் பிரச்சினை இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360 ரூபாவுக்குப் போனதைப் பார்த்த எந்தக் கணக்காளரும், வருடா வருடம் டொலரில் வரும் பில்லில் கையெழுத்துப் போட யோசிப்பார்.

கணினிகளும் அப்படித்தான். புதிதாக ஒரு ரக் சேர்வர் (இரும்புச் சட்டத்தில் பொருத்தும் பெரிய சேர்வர்) வாங்கும் காசில் நாலைந்து பாவித்த மினி கணினிகள் வாங்கலாம். வெளிநாட்டு அலுவலகங்கள் கழித்துவிட்ட, கைப்பை அளவு பெட்டிகள் அவை. காலி வீதியில் பம்பலப்பிட்டிப் பக்கம் நடந்தால் கணினிக் கடைகளில் அடுக்கிவைத்திருப்பார்கள். சும்மா இருக்கும்போது ஒன்று 10 முதல் 20 வாட்தான் இழுக்கும். பழைய ரக் சேர்வர் ஒன்று சும்மா நிற்கவே நூறு வாட்டுக்கு மேல் கேட்கும். அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி தனியாக ஓட வேண்டும், மின்கட்டணம் தனியாக ஏறும். ஒரு குறை: கடல் 300 மீட்டரில் இருந்தால் உப்புக்காற்று ஒன்றையும் விட்டுவைக்காது. வருடத்துக்கு ஒருமுறை மெமரியைக் கழற்றித் துடைத்து, மின்விசிறியில் படிந்த பிசுபிசுப்பை எடுக்காவிட்டால், நாங்கள் மென்பொருளில் தேடும் பாதிக் கோளாறு அங்கேதான் இருக்கும்.

ஏன் மூன்று? இரண்டு போதாதா என்று எல்லா முதலாளிகளும் கேட்பார்கள். இதை விளக்க எனக்கு 2018 ஒக்டோபர் கைகொடுக்கிறது. 26ஆம் திகதி இரவு மகிந்த ராஜபக்ஷ பிரதமராகப் பதவியேற்றார். ரணில் விக்கிரமசிங்க, நானே பிரதமர் என்று, பிரதமரின் இல்லமான அலரி மாளிகையை விட்டு வெளியேறவில்லை. ஏழு வாரம் நாட்டுக்கு இரண்டு பிரதமர். கடிதத்தை யாருக்கு அனுப்புவது, கையெழுத்தை யாரிடம் வாங்குவது என்று தெரியாமல் அதிகாரிகள் திண்டாடினார்கள். கிளஸ்டரில் இதே நிலை வந்தால் அதற்கு மூளை பிளவுபடுதல் என்று பெயர். இரண்டு கணினிகளுக்கு நடுவில் கேபிள் மட்டும் அறுந்தால், இரண்டுமே மற்றது செத்துவிட்டது என்று நினைக்கும். இரண்டுமே அதே வீஎம்மை இயக்கத் தொடங்கும். ஒரே டிஸ்கில் இரண்டு பேர் எழுதினால் கணக்குப் புத்தகம் கூழாகிவிடும்.

அதைத் தடுப்பதுதான் கூட்ட நடப்பெண், அதாவது சபை நடக்கக் குறைந்தது எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்கு. நம் நாடாளுமன்றத்தில் 225 பேரில் 20 பேர் இருந்தால் போதும், சபை நடக்கும். கிளஸ்டருக்கு அது போதாது. பாதிக்கு மேல் வேண்டும். மூன்றில் இரண்டு கணினிகள் ஒன்றையொன்று பார்க்க முடிந்தால் அவர்கள்தான் அரசாங்கம். தனித்துப்போன மூன்றாவது, தன்னிடம் பெரும்பான்மை இல்லை என்று தானே விளங்கிக்கொண்டு கையைக் கட்டிக்கொள்ளும். அமைப்புக் கோப்புகளை வாசிக்க விடும், மாற்ற விடாது. புதிதாக எந்த வீஎம்மையும் தொடக்காது. ஒரு கணினி விழுந்தால் வேறொன்றில் தானாக எழும்பும்படி உயர் கிடைப்பு முறையில் சேர்த்த வீஎம்கள் அதனிடம் இருந்தால், காவல் மணிக்கூடு என்ற உள் கண்காணிப்பு 60 விநாடியில் அதையே மறுதொடக்கம் செய்துவிடும். இரண்டே கணினி என்றால் பெரும்பான்மை என்பதே இரண்டும்தான். ஒன்று போனால் மற்றதும் முடங்கும். அதற்கும் வழி உண்டு: ராஸ்பெரி பை மாதிரி ஒரு சிறு பெட்டியை, வாக்குப் போட மட்டும் மூன்றாவது ஆளாக வைக்கலாம். காசில்லாத இடத்தில் அது நல்ல ஏற்பாடு. நானும் போட்டிருக்கிறேன்.

இந்த வாக்கெடுப்பை நடத்துவது கொரோசிங்க் என்ற நிரல். அதற்கு வேகமான இணைப்பு தேவையில்லை, தாமதம் இல்லாத இணைப்பு வேண்டும். 5 மில்லிவிநாடிக்குள் பதில் வராவிட்டால் சிடுசிடுக்கத் தொடங்கிவிடும். அதே கேபிளில் காப்புப் பிரதி ஓடினால், இரவு ஒரு மணிக்குப் பெரிய கோப்பு போகும் நேரம் பார்த்து வாக்குகள் தாமதமாகி, காரணமே தெரியாமல் ஒரு கணினி வெளியே தள்ளப்படும். ஆகவே கொரோசிங்கிற்குத் தனிப் பாதை. பழைய 100 எம்பி சுவிட்ச்கூடப் போதும்.

டிஸ்க் விஷயத்தில்தான் ஆசை காலை வாரிவிடும். காணொளிகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் முதலில் கேட்பது செஃப். மூன்று கணினிகளின் டிஸ்குகளையும் ஒரே குளமாக்கி, ஒவ்வொரு தரவையும் மூன்று பிரதியாக வைக்கும். அருமையான பொறியியல், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் மற்றக் கணினிகளிலும் பதிந்த பிறகே முடிந்ததாகக் கணக்கு. எனவே 10 கிகாபிட் வலை வேண்டும். மின்சாரம் போனாலும் கையிலிருந்ததை எழுதி முடிக்கும் கெப்பாசிட்டர் வைத்த எஸ்எஸ்டி வேண்டும். மினி கணினியில் ஒரு கிகாபிட் ஓட்டையும், மடிக்கணினிக்குச் செய்த எஸ்எஸ்டியும்தான் இருக்கும். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் அலுவலகத்துக்கு நான் செஃப் போடுவதில்லை. இசட்எஃப்எஸ் என்ற கோப்பமைப்பைப் போட்டு, ஒரு கணினியில் இருக்கும் வீஎம்மை மற்றதற்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை பிரதியெடுக்க விடுவேன். அதுதான் இயல்பான இடைவெளி. வேண்டுமானால் ஒரு நிமிடம்வரை குறைக்கலாம்.

இதில் ஒரு விலை இருக்கிறது. கணினி திடீரென்று செத்தால் கடைசிப் பிரதிக்குப் பிறகு எழுதியது போய்விடும். கணக்காளர்களிடம் 15 நிமிடப் பதிவு காணாமல் போகலாம் என்று சொல்லிப் பாருங்கள். அதனாலேயே கணக்கு மென்பொருள் ஓடும் வீஎம்மைத் தானாக இடம்மாற விடாமல் வைத்திருந்தேன். அது இருக்கும் கணினி விழுந்தால், ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று. அந்த மனிதர் நான்தான். ஞாயிற்றுக்கிழமை நான் கடற்கரையில் இருந்தேன்.

சரி, இப்போது அடுத்த பாதிக்கு வருவோம். மூன்று கணினிகளையும் ஒரே மாதிரி வைத்திருப்பது எப்படி?

கையால் செய்யலாம். முதல் நாள் மூன்றும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஆறு மாதம் கழித்து ஒன்றில் நேர சேர்வர் வேறு, இன்னொன்றில் மறந்துபோன ஒரு தீச்சுவர் விதி, மூன்றாவதில் யாரோ சோதனைக்குப் போட்ட ஒரு நிரல். கோளாறு வரும் இரவில் எது எதனால் என்று யாருக்கும் தெரியாது. இந்தத் தொல்லைக்கு மருந்து தேடியதில் முன்னோடி, ஒஸ்லோவில் மார்க் பேர்ஜஸ் 1993இல் எழுதிய சிஎஃப்என்ஜின். அதன் பின் 2005இல் பப்பெட், 2009இல் ஷெஃப். 2012இல் மைக்கல் டிஹான் எழுதிய அன்சிபிள் மற்றவற்றைவிடக் கெதியாகப் பரவியதற்குக் காரணம் சோம்பேறித்தனத்துக்கு அது தந்த மரியாதை என்பேன். எதிர்ப்பக்கக் கணினியில் தனி முகவர் நிரல் எதையும் நிறுவ வேண்டாம். தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய், அங்கே பைதன் மொழி இருந்தால் வேலையை முடித்துவிட்டு வந்துவிடும். 2015இல் ரெட்ஹெட் நிறுவனம் அதை வாங்கியது.

அன்சிபிளுக்கு எழுதுவது கட்டளை இல்லை, நிலை. கணினியின் நேரத்தைச் சரியாக வைக்கும் குரோனி என்ற நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். "குரோனி நிறுவு" என்று எழுதுவதில்லை. "குரோனி இருக்க வேண்டும், இந்தக் கோப்பு இப்படி இருக்க வேண்டும்" என்று எழுதுகிறோம். இருந்தால் ஒன்றும் செய்யாது, பச்சை எழுத்தில் சரி என்று சொல்லும். இல்லாவிட்டால் செய்துவிட்டு மஞ்சளில் மாற்றினேன் என்று சொல்லும். பத்துத் தடவை ஓட்டினாலும் பத்தாவது தடவை மாற்றம் பூச்சியம். புதியவர்கள் இதை வேகம் தரும் கருவி என்று நினைக்கிறார்கள். மூன்று கணினிக்கு அது வேகமே இல்லை. கையால் ஒரு பின்னேரத்தில் முடியும் வேலைக்கு, அன்சிபிள் வாசிக்கும் யமல் கோப்பு எழுத எனக்கு நான்கு நாள் போயிற்று. அந்த நாலு நாளில் கிடைத்தது ஒரு சாட்சி. என்ன இருக்க வேண்டும் என்பது ஓரிடத்தில் எழுத்தில் இருக்கிறது. மாற்றாமல் வேறுபாட்டை மட்டும் காட்டும் முறையில் வாரம் ஒருமுறை ஓட்டினால், மஞ்சள் வரும் இடத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். பெரும்பாலும் அந்த யாரோ நானே.

கிளஸ்டருக்கு அன்சிபிள் எழுதும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது, அது இயல்பாக ஒரே நேரத்தில் ஐந்து கணினிகளில் வேலை செய்யும். நமக்கு இருப்பதோ மூன்று. இயங்குதளத்தின் கருவான கேர்னலைப் புதுப்பித்து மறுதொடக்கம் செய் என்று ஒரு வரி எழுதினேன். மூன்றும் ஒன்றாக அணைந்தன. பெரும்பான்மையும் இல்லை, சிறுபான்மையும் இல்லை. ஒருமுறைக்கு ஒன்று என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். ஒன்று எழும்பிச் சபையில் சேர்ந்த பின்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்ற சோதனையும் அதோடு வேண்டும். இரண்டாவது, ப்ரொக்ஸ்மொக்ஸ் தன் அமைப்புக் கோப்புகளை மூன்று கணினிகளுக்கும் பொதுவான ஒரு கோப்பமைப்பில் வைத்திருக்கிறது. ஒன்றில் எழுதினால் மற்ற இரண்டிலும் உடனே தெரியும். அதில் கோப்பின் அனுமதிகளை மாற்ற முடியாது. அன்சிபிளோ எழுதிய கையோடு அனுமதியையும் திருத்தப் பார்க்கும், பிழை அடிக்கும். எனவே அந்தப் பகுதியை ப்ரொக்ஸ்மொக்ஸின் சொந்தக் கட்டளைகள் மூலம், ஒரே ஒரு கணினியிலிருந்து செய்விப்பதே நல்லது.

சேர்க்கும் வரிசையையும் தானியங்கி மறக்கக்கூடாது. புதிதாகச் சேரும் கணினியில் ஒரு வீஎம்கூட இருக்கக்கூடாது. சேரும்போது அதன் பழைய அமைப்புகள் அழிந்துவிடும். பெயரும் ஐபி முகவரியும் சேருவதற்கு முன்பே இறுதியாக இருக்க வேண்டும். பிறகு பெயர் மாற்றுவது, பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்துவதைவிடக் கஷ்டம். 2024 ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பிலிருந்து, நிறுவும்போது கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை ஒரு கோப்பில் எழுதி யுஎஸ்பியிலேயே வைத்துவிடலாம். செருகினால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். வீஎம்களை உருவாக்க டெராஃபோர்ம், அல்லது அதன் உரிமம் 2023இல் மாறிய பின் பிரிந்து வந்த ஓப்பன்டோஃபு பாவிக்கலாம். பத்து வீஎம் வைத்திருக்கும் இடத்துக்கு எனக்கு அது தேவைப்படவில்லை. ஒரு வார்ப்பு வீஎம், அதற்குள் முதல் முறை எழும்பும்போது அமைப்புகளைப் போடும் கிளவுட்-இனிட், பெயரையும் ஐபியையும் சாவியையும் அன்சிபிளே கொடுத்துவிடும்.

திங்கட்கிழமைக்குத் திரும்புவோம். முதல் இரண்டு கணினிகளும் எழும்பி, சபை கூடி, தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கணக்கு வீஎம் இருந்த மூன்றாவது பெட்டியில் விளக்கு எரிகிறது, வலையில் ஆள் இல்லை. திரையும் விசைப்பலகையும் கொண்டுபோய்ச் செருகினேன். கறுப்புத் திரையில் இரண்டு வரி: நேரம் அமைக்கப்படவில்லை, தொடர எஃப்1 அழுத்தவும். ஞாயிறு கரண்ட் திரும்பியதிலிருந்து யாராவது வந்து எஃப்1 அழுத்துவார்கள் என்று அது காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 நாணயப் பற்றரி செத்திருந்தது. மின்சாரம் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. பல மணி நேரம் முழுதாகப் போனதும், கணினியை எழுப்பும் முதல் நிரலான பயோஸ் தன் அமைப்புகள் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. எஃப்1 அழுத்தினேன், ப்ரொக்ஸ்மொக்ஸ் வந்தது. கணக்கு வீஎம்மைத் தொடக்கினால், கேவிஎம் கிடைக்கவில்லை, பயோஸில் இயக்குங்கள் என்று பிழை. சிப்பின் மெய்நிகராக்க வசதி அந்த மொடலில் தொழிற்சாலை நிலையில் அணைந்தே இருக்கும். கடிகாரமும் ஏதோ பழைய தேதியில் நின்றது. இணையம் வந்து குரோனி திருத்தும்வரை மற்றக் கணினிகள் அதன் உள்நுழைவுச் சீட்டை ஏற்கவில்லை. மின்சாரம் வந்தால் தானாக எழும்பு என்ற தெரிவும் அழிந்திருந்தது. இந்த முறை அது எழும்பியது அதிர்ஷ்டம்: காவலாளி பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

நான்கு நாள் உட்கார்ந்து எழுதிய யமல் கோப்புகளில் ஒரு வரிகூட இங்கே உதவவில்லை. அன்சிபிள் இயங்குதளம் எழும்பிய பிறகுதான் உள்ளே வரும். விலைகூடிய சேர்வர்களில் இதற்கென்றே தனிச் சிறு கணினி உள்ளே இருக்கும். அணைந்த நிலையிலும் தூரத்திலிருந்து பயோஸைத் தொடலாம். பாவித்த மினி கணினியில் அது கிடையாது. அந்தக் காசை நாம் மிச்சம்பிடித்தோம், அவ்வளவுதான். இப்போது மூன்றிலும் புதுப் பற்றரி. பயோஸ் திரைகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து, யமல் கோப்புகள் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் (கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் இடம்) போட்டிருக்கிறேன். தானியங்கியால் செய்ய முடியாததையும் அதே இடத்தில் எழுதி வைப்பது என்ற பழக்கம் அன்று வந்தது.

அந்தக் களஞ்சியம் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். தொடக்கத்தில் அது கிளஸ்டருக்குள் ஒரு வீஎம்மில்தான் இருந்தது. அன்சிபிள் ஓடுவதும் அங்கேதான். பெயர்களை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸும் அங்கேதான். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுபோல. கிளஸ்டர் விழுந்தால் அதை எழுப்பும் ஆயுதம் அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். இப்போது அன்சிபிள் என் மடிக்கணினியிலும் அலுவலகத்தின் வேறொரு பழைய கணினியிலும் இருக்கிறது. கிளஸ்டர் கணினிகள் ஒன்றையொன்று பெயரால் தேடாமல் ஐபியால் தேடுகின்றன.

அடுத்தது யூபிஎஸ். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு வந்தபோது இந்த ஊரில் விற்காத யூபிஎஸ் இல்லை. பலர் அதை ஒரு சின்ன ஜெனரேட்டர் என்று நினைத்து வாங்கினார்கள். ஆயிரம் விஏ பெட்டிக்குள் வழக்கமாக 12 வோல்ட், 7 அம்பியர்-மணி பற்றரி இரண்டு இருக்கும். பெருக்கினால் 168 வாட்-மணி. மூன்று மினி கணினி, சுவிட்ச், ரவுட்டர் சேர்த்து 100 வாட் என்றால் காகிதத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் என்று தோன்றும். உண்மையில் புதுப் பற்றரிக்கே அதில் பாதி கிடைத்தால் பெரிது. சூடு பத்துப் பாகை கூடினால் ஈயப் பற்றரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஏசி இல்லாத கொழும்பு அறையில் இரண்டு வருடம் இருந்த பற்றரியை நான் நம்புவதில்லை. யூபிஎஸ்ஸின் வேலை ஓட்டுவது இல்லை, ஒழுங்காகப் படுக்க நேரம் தருவது. நட் என்ற நிரல் யூஎஸ்பி வழியாக அதன் நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்கும். பற்றரிக்கு மாறி ஐந்து நிமிடத்தில் மின்சாரம் வராவிட்டால் முதலில் வீஎம்கள், பிறகு கணினிகள் என்று அணைக்கச் சொல்லும். இந்த அமைப்பு முழுவதும் அன்சிபிளில் இருக்கிறது. மூன்றில் ஒன்றில் மட்டும் பிழையாக இருந்தால் அது கடைசி நாளில்தான் தெரியும் என்பதால், கையால் செய்யத் துணிய மாட்டேன்.

காப்புப் பிரதி பற்றி நீட்ட மாட்டேன். மூன்று கணினியில் பிரதி இருக்கிறதே என்று யாராவது சொன்னால், 2023 ஓகஸ்டில் லங்கா அரசாங்க கிளவுட் மீது நடந்த ரான்சம்வேர் தாக்குதலை, அதாவது கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தாக்குதலைச் சொல்லுவேன். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. அழிந்த கோப்பையும் 15 நிமிடத்தில் உண்மையாகப் பிரதியெடுப்பதுதான் பிரதியாக்கத்தின் குணம். காப்பு வேறு இடத்தில், வேறு கடவுச்சொல்லில் இருக்க வேண்டும்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறையில், அலுவலகம் பூட்டியிருக்கும்போது போய்ச் சுவர் பிளக்கைக் கழற்றுகிறேன். யூபிஎஸ் கத்தும், வீஎம்கள் ஒவ்வொன்றாக அணையும், விளக்குகள் போகும். ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து திரும்பச் செருகி, கைப்பேசியில் நேரத்தைத் தொடக்குவேன். சுவிட்ச் முதலில். முதல் கணினி எழும்பி, தனியாக இருப்பதால் ஒன்றும் செய்யாமல் காத்திருக்கும். இரண்டாவது வந்ததும் சபை கூடும். டிஎன்எஸ் முதலாவது, தரவுத்தளம் இரண்டாவது, கணக்கு மென்பொருள் மூன்றாவது என்று வரிசையாக வரும். போன முறை கணக்குத் திரை வர 11 நிமிடம் எடுத்தது. அதில் நாலு நிமிடம், ரவுட்டர் வரும்வரை காத்திருக்கச் சொல்லி நானே எழுதிய ஒரு வரி. அதைத் திருத்திவிட்டேன். அடுத்த போயாவில் பார்க்க வேண்டும்.